முதல் மல்டி எஃபெக்ட்ஸ் கருவி: கடையிலிருந்து மேடை வரை

கிட்டார் பழகி ஓரிரு ஆண்டுகள் ஆனவர்கள் தேவாலயப் பாடகர் குழுவிலோ, கல்லூரி இசைக்குழுவிலோ, மெல்லிசைக் குழுவிலோ சேர்ந்தவுடன் தேடத் தொடங்குவது ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் பிராசசரைத்தான். ஓவர்டிரைவ் (உடைந்த முரட்டு ஒலி), கோரஸ் (பல கருவிகள் சேர்ந்தது போன்ற ஒலி), டிலே (திரும்பத் திரும்ப வரும் ஒலி), ரிவெர்ப் (அறையின் எதிரொலி), ஆம்ப் (கிட்டார் ஒலிபெருக்கி) பாவனை, ட்யூனர் அனைத்தும் ஒரே பெட்டியில் கிடைக்கின்றன; தனித்தனிப் பெடல்களாக வாங்கினால் ஆகும் செலவில் ஒரு பகுதிதான் ஆகிறது. சிக்கல் வாங்கிய பிறகு தொடங்குகிறது. கடையில் கேட்ட ஓசை வீட்டில் வருவதில்லை. வீட்டில் ஹெட்ஃபோன் மாட்டி இரவெல்லாம் செதுக்கிய ஓசை மேடையில் வருவதில்லை. இந்த அலைச்சலில் பல வார இறுதிகளைக் கழித்தபின் எனக்குத் தெளிவானது இதுதான்: ஏமாற்றத்துக்குப் பெரும்பாலும் எஃபெக்டுகள் காரணமல்ல, மின்சாரம், ஒலியளவு, வெளியீட்டு அமைப்பு ஆகிய மூன்றில் ஏதோ ஒன்றுதான் காரணம். ஆகவே இக்கட்டுரையில் அந்த மூன்றுக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். பாஸ் (Boss) நிறுவனத்தின் ஜி.டி.-1, ஜூம் (Zoom) நிறுவனத்தின் ஜி1 ஃபோர் போன்ற ஆரம்பநிலைக் கருவிகளை மனத்தில் வைத்து எழுதினாலும், பெரிய கருவிகளுக்கும் இதே வரிசை பொருந்தும்.

1. ஒலி எங்கே போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

எந்த மாடல் வாங்குவது என்ற கேள்விக்கு முன்னால் வேறொரு கேள்விக்கு விடை தேவை. உங்கள் கருவியின் ஒலி எதன் வழியாக வெளியே வரப்போகிறது? ஹெட்ஃபோனா, மேடை மிக்சரா, கிட்டார் ஆம்பா, கணினியா? வீட்டில் ஹெட்ஃபோனில் பயிற்சி செய்வதோடு நிற்பவருக்கு இரண்டு ஃபுட் சுவிட்ச் உள்ள சிறிய கருவியே போதும். மேடையில் வாசிப்பவர், பாட்டின் நடுவில் குனியாமல் காலால் எத்தனை மாற்றங்கள் செய்ய வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஜி.டி.-1 கருவியில் மூன்று ஃபுட் சுவிட்சுகளும் ஓர் எக்ஸ்பிரஷன் பெடலும் (மிதிக்கும் அளவுக்கேற்ப ஒலியை மாற்றும் பெடல்) இருக்கின்றன; மெல்லிசைக் குழுவில் ரிதம் வாசிப்பவருக்கு அது தாராளம். ஒரே பாட்டில் சுத்தமான ஒலி, அழுத்தமான ஒலி, தனி வாசிப்பு என்று மாறி மாறிப் போகிறவருக்கு நான்கு சுவிட்சாவது வேண்டியிருக்கும்.

பதிவு செய்யும் எண்ணம் இருந்தால், யூ.எஸ்.பி. வழியாக ஒலி கணினிக்குப் போகுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டியில் யூ.எஸ்.பி. துளை இருக்கிறது என்பதாலேயே அது ஆடியோ இன்டர்ஃபேஸ் ஆகிவிடாது. ஜி.டி.-1 யூ.எஸ்.பி. வழியாக ஒலியைக் கணினிக்கு அனுப்பும். ஜி1 ஃபோரில் அந்தத் துளை பேட்ச்களை (சேமித்து வைக்கும் ஓசை அமைப்புகளை) திருத்தவும் ஃபர்ம்வேர் (கருவிக்குள் இருக்கும் மென்பொருள்) புதுப்பிக்கவும் மின்சாரம் தரவும் மட்டுமே பயன்படும். கடையில் இந்த வேறுபாட்டை யாரும் தாமாக எடுத்துச் சொல்லமாட்டார்கள்.

செலவைப் பொறுத்தவரை, சிறிய கருவிகள் பத்தாயிரம் ரூபாயை ஒட்டியும், எக்ஸ்பிரஷன் பெடலோடு வரும் அடுத்த நிலைக் கருவிகள் இருபதாயிரத்தை ஒட்டியும், லைன் 6 ஹெச்.எக்ஸ். ஸ்டாம்ப் போன்றவை அவற்றைவிடப் பல மடங்கும் விலை சொல்லப்படுகின்றன. விலை அடிக்கடி மாறுவதால் இவற்றைத் தோராயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கையிலுள்ள தொகை முழுவதையும் பெட்டிக்கே கொடுத்துவிடாமல், நான்கில் ஒரு பங்கையாவது அடாப்டர், இரண்டு நல்ல கேபிள்கள், ஒரு டி.ஐ. பாக்ஸ் (கருவியின் ஒலியை மைக் கேபிளில் அனுப்பத் தகுந்ததாக்கும் சிறு பெட்டி), ஓர் ஹெட்ஃபோன் ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள். விலையுயர்ந்த பெட்டியும் மட்டமான கேபிளும் சேர்ந்த கூட்டணியைவிட, நடுத்தரப் பெட்டியும் உறுதியான கேபிளும் மேடையில் நன்றாக உழைக்கும்.

2. கடையில் கேட்டு வாங்க வேண்டியவை

சென்னை அண்ணா சாலைக் கடைகளில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், ஜி.எஸ்.டி. எண் அச்சிட்ட பில் கட்டாயம் வேண்டும். பில்லில் மாடலின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. கருவியின் அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள். வாரண்டி அட்டையில் கடையின் முத்திரையும் தேதியும் இருக்க வேண்டும். "பில் இருந்தால் போதும், சார்" என்று சொல்லி அனுப்பப் பார்ப்பார்கள். எனக்கும் ஒரு கடையில் அப்படித்தான் சொன்னார்கள். பழுது என்று கொண்டுபோய் நிற்கும்போது முத்திரையில்லாத அட்டையை வைத்துக்கொண்டு வாதாடுவது வீண் வேலை. வாரண்டியைத் தருவது கடையா, இந்திய விநியோகஸ்தரா, சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் இருக்கிறது, அனுப்பும் செலவு யாருடையது என்பவற்றையும் பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் மூலமாகவோ கூரியர் மூலமாகவோ வரவழைப்பவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். கூரியரில் வரும் பொருளுக்குச் சுங்க வரியும் அதன்மேல் ஐ.ஜி.எஸ்.டி.யும் சேரும், கூரியர் நிறுவனம் பான் அல்லது ஆதார் போன்ற அடையாளச் சான்றைக் கேட்கும், அது சரிபார்க்கப்படும்வரை பெட்டி நகராது. அடுத்தது, அமெரிக்காவில் வாங்கிய அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டுமே செய்யப்பட்டதாக இருக்கலாம். நம் ஊரின் 230 வோல்ட்டில், முள்ளை மாற்றும் வெறும் பிளக்கை வைத்து அதைச் செருகினால் அடாப்டர் புகைந்துவிடும். அடாப்டரின் முதுகில் 100 முதல் 240 வரை என்று அச்சிட்டிருந்தால் மட்டும் தைரியமாகச் செருகலாம்.

பழைய கருவி வாங்குகிறவர்கள் தம்முடைய கிட்டாரையும் ஹெட்ஃபோனையும் எடுத்துச் செல்ல வேண்டும். ஒவ்வொரு குமிழையும் முழுக்கத் திருகி, ஒலியில் கரகரப்போ திரையில் எண் குதிப்போ வருகிறதா என்று பாருங்கள். எக்ஸ்பிரஷன் பெடலை மெதுவாக மிதித்து, திரையில் காட்டும் மதிப்பு 0 முதல் 100 வரை தொடர்ந்து போகிறதா என்று சோதியுங்கள். ஜாக்கில் கேபிளைச் செருகி லேசாக அசைத்துப் பாருங்கள். யூ.எஸ்.பி. துளை வேலை செய்கிறதா என்பதைப் பெரும்பாலானோர் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். அது செத்திருந்தால் ஃபர்ம்வேரும் காப்பு நகலும் உங்களுக்கு இல்லை என்று பொருள்.

3. மின்சாரம்: அவசரமே படக்கூடாத இடம்

ஆரம்பநிலைக் கருவிகள் சிலவற்றில் அடாப்டர் பெட்டிக்குள் இருக்காது. ஜி.டி.-1, ஜி1 ஃபோர் ஆகிய இரண்டும் நான்கு ஏ.ஏ. செல்களிலும் ஓடும் என்பதால், வாங்கிய அன்று சோதித்துப் பார்க்கத் தடையில்லை. தினசரிப் பயிற்சிக்கு அடாப்டர் வாங்கித்தான் ஆக வேண்டும்.

அடாப்டரில் மூன்று விஷயங்கள் ஒத்துப்போக வேண்டும். முதலாவது வோல்ட்: இவ்வகைக் கருவிகளுக்குப் பெரும்பாலும் 9 வோல்ட் டி.சி. இரண்டாவது முனைப்பு: கிட்டார் எஃபெக்ட் உலகில் நடுமுனை மைனஸ், வெளிவளையம் பிளஸ் என்பதே வழக்கம். மூன்றாவது ஆம்பியர்: கருவி கேட்கும் அளவுக்குக் குறையாமல் அடாப்டர் தர வேண்டும், கூடுதலாகத் தர வல்லதாக இருந்தால் கெடுதல் இல்லை, ஏனெனில் கருவி தனக்கு வேண்டியதை மட்டுமே இழுத்துக்கொள்ளும். ஹெச்.எக்ஸ். ஸ்டாம்ப் போன்ற கருவிகளோடு 3 ஆம்பியர் அடாப்டரைத் தருவதற்குக் காரணம் உள்ளே இருக்கும் சிப்புகளின் பசிதான். சாதாரணப் பெடலுக்கு வாங்கிய சிறிய அடாப்டரை அதில் செருகினால் கருவி விழித்துக்கொள்ளாது, அல்லது பாட்டின் நடுவில் அணைந்து எழும்.

இங்கே பலரும் மாட்டிக்கொள்ளும் கண்ணி, வீட்டில் இருக்கும் கீபோர்டு அடாப்டர். முனை அளவு சரியாகப் பொருந்துவதால் எல்லாம் சரி என்று தோன்றும். ஆனால் யமஹா கீபோர்டுகள் பலவற்றின் அடாப்டர் 12 வோல்ட்; நடுமுனையும் பிளஸ். பொருந்துகிறது என்பதற்காகச் செருகாதீர்கள். கருவியின் ஜாக்குக்கு அருகே வரைந்திருக்கும் சிறு வட்டப் படத்தையும் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தபின் செருகுங்கள்.

ஒரே அடாப்டரிலிருந்து பிரித்து இந்தக் கருவிக்கும் மற்ற பெடல்களுக்கும் மின்சாரம் கொடுக்கும் சங்கிலிக் கேபிளைத் தவிர்ப்பது நல்லது. டிஜிட்டல் கருவியின் மெல்லிய கீச்சொலி மற்ற பெடல்களில் ஏறிக்கொள்ளும்.

4. கேபிளும் உள்ளீடும்

கிட்டாரிலிருந்து கருவிக்கு வருவது கவசமிட்ட மோனோ கிட்டார் கேபிளாக இருக்க வேண்டும். ஸ்பீக்கர் கேபிளும் பார்க்க அதேபோல் இருக்கும். கவசமில்லாததால் இரைச்சலை அள்ளிக்கொண்டு வரும். முதலில் எல்லாவற்றையும் செருகிவிட்டு, கருவியை இயக்கி, கடைசியாக ஆம்பின் அல்லது மிக்சரின் ஒலியை ஏற்றுங்கள். அணைக்கும்போது நேர் எதிர்வரிசை. சில கருவிகளில் தனி பவர் சுவிட்ச் கிடையாது. உள்ளீட்டு ஜாக்கில் கேபிளைச் செருகுவதே சுவிட்ச். அத்தகைய கருவியில் வாசித்து முடித்தபின் கேபிளைக் கழற்றாமல் விட்டால் காலையில் செல்கள் காலியாகியிருக்கும்.

கிட்டாரின் வால்யூம், டோன் இரண்டையும் முழுவதும் திறந்துவைத்து, நீங்கள் வாசிக்கக்கூடிய மிகப் பலமான ஸ்ட்ரோக்கை வாசியுங்கள். உள்ளீட்டு அளவு அமைப்பு இருந்தால், சிவப்பு விளக்கு எரியாத எல்லை வரை வைத்துக்கொள்ளுங்கள். ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப் உள்ள கிட்டாரும் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) கிட்டாரும் ஒரே அளவில் நிற்காது. இரண்டையும் மாற்றி மாற்றி வாசிப்பவர் இந்த அமைப்பை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். பேட்டரியோடு கூடிய ப்ரீஆம்ப் (ஒலியை முன்கூட்டியே பெருக்கும் சுற்று) உள்ள அகூஸ்டிக் கிட்டாரை இணைக்கும்போது கிட்டாரிலேயே ஒலியைக் குறைத்துக்கொள்ளுங்கள். இல்லையெனில் உள்ளீட்டிலேயே ஒலி உடைந்துவிடும், பிறகு எந்த எஃபெக்டும் அதைச் சரிசெய்யாது.

5. வெளியீட்டு அமைப்பு: பாதிப் பிரச்சினை இங்கேதான்

எலெக்ட்ரிக் கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர், உயர்ந்த அதிர்வெண்களைப் பெருமளவு வெட்டிவிடும் தன்மை கொண்டது. ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அது சரசரவென்று இறங்கிவிடும். நாம் காலங்காலமாகக் கேட்டுப் பழகிய ஓவர்டிரைவ் ஒலி அந்த வெட்டலோடு சேர்ந்ததுதான். மல்டி எஃபெக்ட்ஸ் கருவி, ஆம்பையும் அதன் ஸ்பீக்கர் பெட்டியையும் போலச் செய்து காட்டுகிறது. இந்த ஸ்பீக்கர் பாவனையைத்தான் கேபினெட் சிமுலேஷன் என்கிறார்கள்.

இப்போது இரண்டு நிலைகளை நினைத்துப் பாருங்கள். மிக்சர், ஹெட்ஃபோன், கணினி ஆகியவற்றுக்குப் போகும்போது கேபினெட் பாவனை இயங்க வேண்டும். அது அணைந்திருந்தால் ஓவர்டிரைவ் காதோரக் கொசுவைப்போல் ரீங்காரமிடும். மாறாக, உண்மையான கிட்டார் ஆம்புக்குள் போகும்போது அதே பாவனை இயங்கினால், ஒரு ஸ்பீக்கரின் வெட்டலுக்குமேல் இன்னொரு ஸ்பீக்கரின் வெட்டல் சேர்ந்து, ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதாக மங்கிவிடும். "கடையில் நன்றாக இருந்தது, வீட்டில் மந்தமாக இருக்கிறது" என்று புலம்புகிறவர்களில் பலர் கடையில் ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு வீட்டில் ஆம்பில் இணைத்தவர்கள்.

பாஸ் ஜி.டி. வரிசையில் இதற்கு ‘அவுட்புட் செலக்ட்’ என்ற அமைப்பு இருக்கிறது. மிக்சருக்கும் ஹெட்ஃபோனுக்கும் ‘லைன்/ஃபோன்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆம்பின் முன்பக்க உள்ளீட்டில் இணைத்தால் அந்த ஆம்பின் வகையையும், பின்பக்கமுள்ள ரிட்டர்ன் ஜாக்கில் இணைத்தால் ‘ரிட்டர்ன்’ என்று முடியும் தேர்வையும் எடுக்க வேண்டும். மேடைகளில் அடிக்கடி எதிர்ப்படும் ரோலண்ட் ஜே.சி.-120 ஆம்புக்கென்றே தனித் தேர்வுகள் உண்டு. வேறு சில கருவிகளில் இப்படிப் பொது அமைப்பு இருக்காது. ஒவ்வொரு பேட்சிலும் கேபினெட்டைத் தனியாக அணைக்க வேண்டியிருக்கும். அத்தகைய கருவியை வைத்திருப்பவர்கள் ஆம்புக்கு ஒரு தொகுதி, மிக்சருக்கு ஒரு தொகுதி என்று பேட்ச்களை இரண்டாக வைத்துக்கொள்வது எளிது.

என் கருத்தைக் கேட்டால், ஊர் ஊராகப் போய் வாசிப்பவர் ஆம்பை மறந்துவிட்டு நேராக மிக்சருக்கே பழகிக்கொள்ள வேண்டும். எந்த ஆம்ப் வைப்பார்கள் என்பது மேடைக்கு மேடை மாறும்; வைக்கவே மாட்டார்கள் என்பதும் உண்டு. மிக்சர் எங்கும் இருக்கும்.

வெளியீட்டு ஜாக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. சிறிய கருவிகள் சிலவற்றில் ஹெட்ஃபோனுக்கும் மிக்சருக்கும் ஒரே ஸ்டீரியோ ஜாக்தான் இருக்கும். அதிலிருந்து முனையில் இரண்டு கறுப்பு வளையமுள்ள ஸ்டீரியோ கேபிள் வழியாக மிக்சரின் பேலன்ஸ்டு உள்ளீட்டுக்குக் கொடுத்தால், மிக்சர் இடது ஒலியிலிருந்து வலது ஒலியைக் கழித்துவிடும். இரண்டிலும் பொதுவாக இருக்கும் கிட்டார் ஒலி மறைந்து, ரிவெர்ப் மட்டும் குகைக்குள்ளிருந்து கேட்கும். அங்கே சாதாரண மோனோ கிட்டார் கேபிளைப் பயன்படுத்துங்கள். இரண்டு ஜாக் உள்ள கருவியில் ‘மோனோ’ என்றும் எழுதியிருக்கும் இடது ஜாக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

6. முதல் பேட்சைக் காலி இடத்திலிருந்து கட்டுங்கள்

தயாரிப்பாளர்கள் ஏற்றி அனுப்பும் ப்ரீசெட்டுகள் கடையில் வாடிக்கையாளரை மயக்குவதற்காகவே அமைந்தவை. தனியாகக் கேட்க அவை பிரமாதம். குழுவோடு வாசிக்கும்போது ரிவெர்பும் டிலேயும் கீபோர்டின் மேல் ஏறி, உங்கள் கிட்டார் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போகும். அவற்றை ஒரு மாலை முழுவதும் கேட்டு ரசித்துவிட்டு, காலியான ஒரு பேட்சைத் திறந்துகொள்ளுங்கள்.

வழக்கமான வரிசை இது: வா பெடல், கம்ப்ரசர் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்வது), ஓவர்டிரைவ், ஆம்பும் கேபினெட்டும், நாய்ஸ் கேட் (இரைச்சலைத் தடுப்பது), ஈக்யூ (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைப்பது), கோரஸ் அல்லது ஃபேசர், டிலே, கடைசியில் ரிவெர்ப். வரிசையை மாற்றிப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் டிலேயை ஓவர்டிரைவுக்கு முன்னால் வைத்தால் திரும்பி வரும் ஒலிகளும் உடைபட்டுக் குழம்பும் என்பதை ஒருமுறை காதால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் ஆம்பும் கேபினெட்டும் மட்டும். கெயினைக் குறைத்து, பாஸ், மிடில், ட்ரெபிள் (கீழ், நடு, மேல் அதிர்வெண்கள்) மூன்றையும் நடுவில் வைத்து வாசியுங்கள். பாஸ் கிட்டாரும் டிரம்ஸும் கீழ்ப்பகுதியை எடுத்துக்கொள்ளும் என்பதால் பாஸைக் கொஞ்சம் குறைப்பதும் மிடிலைக் குறைக்காமல் விடுவதும் குழுவில் கேட்கும் ஒலியைத் தரும். வீட்டில் தனியாக வாசிக்கும்போது மிடிலைக் குழியாக்கினால் ஒலி பெரிதாகத் தோன்றும். மேடையில் அந்தக் குழிக்குள்தான் உங்கள் கிட்டார் விழும்.

அடுத்து ரிவெர்ப். மிக்ஸ் அளவை 15 முதல் 20 வரை வைத்துத் தொடங்குங்கள். கல்யாண மண்டபம் தன்னுடைய எதிரொலியைத் தானே சேர்க்கும். அங்கே இதையும் குறைக்க வேண்டியிருக்கும்.

டிலே நேரத்தை ஊகித்து வைக்காதீர்கள். 60,000 என்ற எண்ணைப் பாட்டின் டெம்போவால் (நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற எண்ணால்) வகுத்தால் ஓர் அடிக்கான மில்லிசெகண்ட் கிடைக்கும். டெம்போ 120 என்றால் 500. அதன் முக்கால் பங்கான 375 பல பாடல்களில் பயன்படும் ஓட்டமான டிலேயைத் தரும். திஸ்ர நடைப் பாடல்களில் இந்த முக்கால் பங்கு தாளத்தோடு முட்டிக்கொள்ளும். அங்கே மூன்றில் இரண்டு பங்கான 333 அல்லது மூன்றில் ஒரு பங்கான 167 பொருந்தும். திரும்பி வரும் ஒலி இரண்டு அல்லது மூன்று முறைக்குமேல் வேண்டாம். டேப் டெம்போ (காலால் தட்டி டெம்போவைக் கொடுக்கும்) வசதி இருந்தால் ஒரு சுவிட்சை அதற்கே ஒதுக்குங்கள், ஏனென்றால் உயிருள்ள டிரம்மர் எவரும் ஒரே டெம்போவில் நிற்பதில்லை.

நாய்ஸ் கேட்டை இரைச்சல் மறையும் மிகக் குறைந்த அளவில் நிறுத்துங்கள். அதை ஏற்றிக்கொண்டே போனால் நீண்டு மறைய வேண்டிய சுரம் கத்தரித்ததுபோல் நின்றுவிடும்.

7. பேட்ச்களின் ஒலியளவைச் சமப்படுத்துங்கள்

சுத்தமான ஒலியிலிருந்து ஓவர்டிரைவுக்கு மாறும்போது ஒலி திடீரென எகிறினால் மிக்சரில் இருப்பவர் உங்கள் ஃபேடரை இறக்கிவிடுவார். பிறகு நீங்கள் சுத்தமான ஒலிக்குத் திரும்பும்போது யாருக்கும் கேட்காது. இதைத் தவிர்க்க, மிகச் சுத்தமான பேட்சை அடிப்படையாக வைத்து மற்றவற்றின் பேட்ச் லெவலை அதற்கு ஒத்துவரச் செய்யுங்கள். தனி வாசிப்புக்கு மட்டும் ஏறக்குறைய 3 டெசிபெல் கூடுதல் கொடுக்கலாம்.

இந்த வேலையை ஹெட்ஃபோனில் தாழ்ந்த ஒலியில் செய்து முடிக்க முடியாது. ஒலியளவு குறைவாக இருக்கும்போது நம் காது கீழ் அதிர்வெண்களையும் உச்ச அதிர்வெண்களையும் குறைத்தே கேட்கிறது. அந்தக் குறையைச் சரிக்கட்ட நாம் பாஸையும் ட்ரெபிளையும் ஏற்றுகிறோம். மேடையின் பெரிய ஒலியில் அவை இரண்டும் காதைக் குத்துகின்றன. வீட்டில் யாரும் இல்லாத பகல் வேளையில் ஒரு மணி நேரமாவது ஸ்பீக்கரில் உரக்க வைத்துப் பேட்ச்களைத் திருத்துங்கள். ஒத்திகை அறையில் குழுவோடு சேர்ந்து திருத்த வாய்த்தால் அதைவிட நல்லது.

லூப்பரை (வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஓட்டும் வசதியை) எஃபெக்டுகளுக்கு முன்னால் வைக்க முடிகிற கருவியாக இருந்தால் ஓர் எளிய வழி உண்டு. நான்கு பார் வாசித்து லூப்பரில் ஓடவிட்டு, இரண்டு கைகளும் சும்மா இருக்கும் நிலையில் குமிழ்களைத் திருகுங்கள். வாசிப்பதும் திருகுவதும் மாறி மாறி நடக்கும்போது, நேரும் மாற்றம் குமிழாலா விரலாலா என்றே தெரியாமல் போகும்.

திருத்தியவுடன் சேமிக்க வேண்டும். பல கருவிகளில் ‘ரைட்’ அல்லது ‘சேவ்’ அழுத்தாமல் அடுத்த பேட்சுக்கு மாறினால் செய்த திருத்தம் அனைத்தும் போய்விடும். சில கருவிகளில் தானே சேமிக்கும் வசதி இயங்கிக்கொண்டிருக்கும். அங்கே ஆபத்து வேறு விதமானது: மேடையில் கால் பட்டுத் திரும்பிய குமிழும் சேமிக்கப்பட்டுவிடும். உங்கள் கருவி எந்த வகை என்பதை முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

8. கணினியோடு இணைத்தல்

மொபைல் சார்ஜரோடு வந்த யூ.எஸ்.பி. கேபிள்களில் சில சார்ஜ் மட்டுமே செய்யும், தகவலைக் கடத்தாது. கணினி கருவியைக் காணவில்லை என்றால் டிரைவரைத் திட்டும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். விண்டோஸ் கணினியில் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து டிரைவரை முதலில் நிறுவி, அதன் பின்னரே கருவியை இணைப்பது பாதுகாப்பான வரிசை. பிறகு பேட்ச்களைத் திரையில் திருத்தும் மென்பொருளை நிறுவுங்கள். பாஸ் கருவிகளுக்கு டோன் ஸ்டூடியோ, ஜூம் கருவிகளுக்குக் கிட்டார் லேப், இரண்டும் இலவசம்.

ஃபர்ம்வேர் புதுப்பிக்கும் முன் எல்லாப் பேட்ச்களையும் கணினியில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதுப்பிக்கும்போது மின்சாரம் போனால் கருவி எழுந்திருக்காமலே போகலாம். ஆகவே மின்வெட்டு அறிவித்திருக்கும் நாளில் அந்த வேலையைத் தொடாதீர்கள். கச்சேரி இருக்கும் வாரத்திலும் தொடாதீர்கள்.

பதிவு செய்யும்போது வாசித்ததற்கும் கேட்பதற்கும் இடையே தாமதம் தெரிந்தால் பஃபர் அளவைக் (கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் துண்டின் அளவை) குறைக்க வேண்டும். 44,100 ஹெர்ட்ஸில் 256 சாம்பிள் பஃபர் என்பது ஒரு திசையில் 5.8 மில்லிசெகண்ட், இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் ஆம்பிலிருந்து ஒலி காதுக்கு வரும் நேரமும் ஏறக்குறைய அதுதான். அதற்கும் கீழே போக வேண்டும் என்று கணினியை வாட்டத் தேவையில்லை.

9. கர்நாடக இசை வாசிப்பவர்களுக்கு

எலெக்ட்ரிக் மாண்டலின், வீணை, வயலின் வாசிப்பவர்களும் இக்கருவிகளை வாங்குகிறார்கள். கருவிக்குள் இருக்கும் ட்யூனர் மேற்கத்திய எழுத்துகளில் காட்டும் என்பதால் கட்டைக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு கட்டை சி, இரண்டு கட்டை டி, இரண்டரைக் கட்டை டி ஷார்ப், ஐந்து கட்டை ஜி, ஐந்தரைக் கட்டை ஜி ஷார்ப்.

ஹார்மோனைசரை அணைத்துவிடுங்கள். ஸ்கேலைக் கொடுத்து இயக்கும்போது அது ஒவ்வொரு சுரத்துக்கும் இணைச்சுரத்தைத் தேர்ந்து ஒலிக்கும்; நீங்கள் ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்கு வழுக்கிப் போகும்போது இணையொலி வழுக்காமல் படி ஏறுவதுபோல் தாவும். கமகம் அங்கேயே செத்துவிடும். நீண்ட டிலேயும் ஆகாது. போன சுரம் வந்த சுரத்தின் மேல் நின்று அபசுரமாக ஒலிக்கும். மிதமான கம்ப்ரசர், மெல்லிய ரிவெர்ப், ஆம்ப் பாவனை இல்லாத நேரான ஒலி ஆகிய மூன்றுமே போதும். பீசோ பிக்கப்பை (வாத்தியத்தின் அதிர்வை அழுத்தத்தால் உணரும் பிக்கப்பை) நேராகச் செருகினால் ஒலி மெலிந்து கரகரக்கும், ஏனெனில் கிட்டார் உள்ளீட்டின் 1 மெகா ஓம் மின்தடை அதற்குக் குறைவு. இடையில் ஒரு சிறிய ப்ரீஆம்ப் வேண்டும்.

10. மேடையில்

கருவியின் வெளியீட்டிலிருந்து மேடைப் பெட்டிக்கு (மிக்சருக்குப் போகும் கேபிள்கள் சேரும் பெட்டிக்கு) நீண்ட கிட்டார் கேபிள் இழுக்காதீர்கள். ஆறு மீட்டரைத் தாண்டினால் இரைச்சல் ஏறத் தொடங்கும். உங்கள் காலடியில் ஒரு டி.ஐ. பாக்ஸ் வைத்து, அதிலிருந்து மைக் கேபிளில் அனுப்புங்கள். மைக் செட்காரரிடம் டி.ஐ. இருக்கும் என்று நம்பிப் போவதைவிடச் சொந்தமாக ஒன்றை வைத்திருப்பது நிம்மதி. ஜாக்கிலிருந்து மைக் முனைக்கு மாற்றும் சாதாரணக் கேபிளால் நேராக இணைத்தால், மிக்சரிலிருந்து மைக்குகளுக்காக வரும் 48 வோல்ட் ஃபேன்டம் மின்சாரம் உங்கள் கருவியின் வெளியீட்டுக்குள் ஏறக்கூடும். அப்படி இணைக்க நேர்ந்தால் அந்தச் சேனலில் ஃபேன்டத்தை அணைக்கச் சொன்னபின் செருகுங்கள்.

தொடர்ச்சியான ‘ம்ம்ம்’ என்ற 50 ஹெர்ட்ஸ் ஓசை கேட்டால், முதலில் அடாப்டரைக் கழற்றிச் செல்களில் ஓட்டிப் பாருங்கள். ஓசை நின்றால் பிரச்சினை மின் இணைப்பில் இருக்கிறது, டி.ஐ. பாக்ஸில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டினால் பெரும்பாலும் தீரும். எந்தக் காரணத்துக்காகவும் ஆம்பின் மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை உடைக்கவோ கழற்றவோ வேண்டாம். இரும்புத் தந்தியில் ஒரு கையும் மைக்கில் உதடும் வைத்து நிற்பவருக்கு அது உயிர் போகும் விஷயம். அலங்கார விளக்குகள் செருகியிருக்கும் பலகையில் உங்கள் அடாப்டரையும் சேர்க்காதீர்கள்.

ஒலிச்சோதனைக்குக் குறித்த நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே போய்விடுங்கள். மிக்சரில் இருப்பவரிடம், "அண்ணே, என் சேனல் ஈக்யூவை ஃபிளாட்டா வச்சுக்கோங்க, சத்தமான பேட்ச் ஒண்ணு, மெதுவானது ஒண்ணு வாசிச்சுக் காட்டுறேன்" என்று சொல்லிவிட்டு இரண்டையும் வாசித்துக் காட்டுங்கள். அவர் கெயினை வைத்தபின் உங்கள் கருவியின் மாஸ்டர் வால்யூமைத் தொடக்கூடாது. மானிட்டரில் உங்கள் ஒலி போதவில்லை என்றால் அவரிடம் கேளுங்கள். நீங்களே ஏற்றினால் முன்னால் அமர்ந்திருப்பவர்களுக்கும் சேர்ந்தே ஏறும்.

பேட்ச்களைப் பாடல் வரிசைப்படி அடுக்கிவைத்தால் காலால் ஒருமுறை தட்டுவதோடு வேலை முடியும். ஆனால் பேட்ச் மாறும்போது பல கருவிகளில் ஒலி ஒரு நொடியின் சிறு பகுதிக்கு அறுபடும். டிலேயின் வாலும் அதோடு போய்விடும். பாட்டின் நடுவில் மாற்றம் தேவைப்பட்டால், வேறு பேட்சுக்குப் போகாமல் அதே பேட்சுக்குள் ஓவர்டிரைவை மட்டும் இயக்கி அணைக்கும்படி ஒரு சுவிட்சை அமையுங்கள்.

பையில் கூடுதலாக ஒரு கேபிளும் நான்கு புதிய ஏ.ஏ. செல்களும் இருக்கட்டும், ஜெனரேட்டருக்கு மாறும் நொடியில் செல்லில் ஓடும் கருவி அணைவதில்லை. சில வாரங்கள் மேடை இல்லையென்றால் செல்களைக் கழற்றி எடுத்துவிட்டுக் கருவியைப் பையில் வையுங்கள். செல் கசிந்து அரித்த தொடர்புத் தகட்டை வாரண்டியில் மாற்றித் தரமாட்டார்கள்.